கொக்கு வீட்டுச் செம்பி

கொக்கு என்று சொன்னால் அந்தக் கழிமுகத்தில் யாருக்கும் பறவை நினைவுக்கு வராது. முழங்கால் ஆழச் சேற்றில் நின்றுகொண்டு, முதுகை வளைத்து, கம்பிச் சட்டத்தின் மேல் கிடக்கும் வலைப்பைகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் அந்த நெட்டை மனிதர்தான் நினைவுக்கு வருவார். கால் இரண்டும் குச்சி. கழுத்து நீளம். நடக்கும்போது ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கி, கொஞ்சம் யோசித்து, அடுத்த இடத்தில் வைப்பார். யாரோ விளையாட்டாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. "காக்கான்னு வைக்காம விட்டாங்களே, அந்த மட்டும் சந்தோஷம்" என்பார்.

மகன் பிறந்ததும் அவன் கொக்குக்குஞ்சு ஆனான். வளர்ந்து அப்பாவின் தலைக்கு மேல் போய், மீசை வைத்து, கல்யாணமும் ஆனபிறகும் ஊருக்கு அவன் கொக்குக்குஞ்சுதான்.

அவர்கள் வளர்த்தது செம்பி. ஓட்டின் விளிம்பில் செம்பு நிறத்தில் மெல்லிய கோடு ஓடும் சிப்பி வகை அது. குஞ்சாக வாங்கி வரும்போது விரல் நகம் அளவுதான் இருக்கும். அதை வலைப்பையில் போட்டு, வரிசை வரிசையாக நட்டிருக்கும் சட்டங்களின் மேல் ரப்பர் கொக்கியால் மாட்டிவிட வேண்டும். தண்ணீர் ஏறும்போது பை மூழ்கும், வடியும்போது காயும். மாட்டிவிட்டோம், இனி கடல் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் காலை நீட்டிப் படுக்க முடியாது. நன்றாக வடியும் நாளெல்லாம் படகெடுத்துப் போய், ஒவ்வொரு பையையும் உலுக்கிப் புரட்ட வேண்டும். உலுக்காவிட்டால் சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெறும் நீளமாக, கோணலாக வளரும். உலுக்கினால் ஓட்டின் கூர்விளிம்பு நொறுங்கும். நீளத்துக்குப் போக வழியில்லாமல் குழிந்து ஆழமாகும். ஆழம் இருந்தால்தான் உள்ளே சதை.

"பிள்ளைங்களும் இப்படித்தான். அப்பப்போ உலுக்கி விடணும்" என்று கொக்கு பையை உலுக்கிக்கொண்டே சொல்வார்.

"என்னை எத்தனை தடவை உலுக்கினீங்க?" என்று பக்கத்துச் சட்டத்திலிருந்து மகன் கேட்பான்.

"உங்கம்மா எங்கே விட்டா? அதான் இப்படி நீளமா போயிட்ட."

சட்டங்களுக்கு நடுவில் இந்த மாதிரிப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். முதுகு வலி தெரியாமல் இருக்க அவர்களுக்கு அது ஒன்றுதான் மருந்து.

வாங்க வருகிறவர்களிடம் கொக்கு பேசுவது வேறு விதம். கரையில் இருக்கும் தகரக் கொட்டகையில் பலகையின் முன்னால் நின்றுகொண்டு, குட்டைக் கத்தியைச் சிப்பியின் மூட்டில் செருகி ஒரு திருப்புத் திருப்புவார். ஓடு 'டக்' என்று வாய் திறக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தாமல் சதையை அறுத்து விட்டு நீட்டுவார்.

"மெல்லுங்க. அப்படியே முழுங்கறதுன்னா தண்ணியே போதும், செம்பி எதுக்கு? முதல்ல உப்பு சுள்ளுன்னு அடிக்கும். அதுக்குப் பயப்படாதீங்க. ரெண்டு கடி கடிச்சதும் இனிக்கும், வெள்ளரிப்பிஞ்சு மாதிரி. முழுங்கிட்டுச் சும்மா இருங்க, பேசாதீங்க. இப்ப வருதா? நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் செம்புப் பாத்திரத்துத் தண்ணி குடிச்ச மாதிரி ஒண்ணு நிக்குதா? அதுதான் இது."

அதே குஞ்சை, கரை கடலுக்குள் நீளும் முனைக்கு அந்தப் பக்கம் போட்டால் அந்தக் கடைசி ருசி வராது. போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆறும் கடலும் கலக்கும் அந்த இடத்துத் தண்ணீரின் வாகு அப்படி. அதைச் சொல்லும்போது கொக்குவுக்குக் குரல் தானாக உயரும்.

"சிப்பின்னு தனியா ஒண்ணும் கிடையாதுங்க. நாள் பூரா தண்ணியைக் குடிக்குது, வெளிய விடுது, குடிக்குது, வெளிய விடுது. தண்ணியில என்ன இருக்கோ அதுதான் சிப்பி."

கொட்டகைக்கு வந்த அத்தனை பேரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். பின்னால் தொட்டியில் சிப்பி கழுவிக்கொண்டிருக்கும் அவர் மனைவி, அவர் வாயைத் திறந்ததுமே கூடச் சேர்ந்து முணுமுணுப்பாள், ஒரு எழுத்து மாறாமல்.

மகன் கொஞ்சகாலம் டவுனில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்த்தான். திரும்பி வந்ததும் அவன் செய்த முதல் வேலை, கழிமுகத்தின் வாய்ப்பக்கம், நீரோட்டம் இழுக்கும் இடத்தில், புதிதாகச் சட்டம் நட்டது. "அங்கே போடாதடா, இழுப்பு ஜாஸ்தி" என்றார் அப்பா. "இழுப்பு இருக்கிற இடத்துலதான்ப்பா சாப்பாடும் இருக்கு" என்றான். அந்தச் சட்டங்களுக்கு நிறையப் பைகள் தேவைப்பட்டன. கிழிந்து கிடந்த பழைய வலைகளைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு டவுன் தையல்கடைக்குப் போனான். கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போகச் சொன்னார். உள்ளே மிஷினில் இருந்த பெண், "வாசல்லயே போட்டுட்டுப் போங்க, நான் வெளிய உட்கார்ந்து தைக்கிறேன்" என்றாள். பைகள் தைத்து முடிவதற்குள் விஷயமும் முடிந்துவிட்டது. கடலையே பார்க்காமல் வளர்ந்த பெண். வந்த புதிதில் செம்பியை வாயில் வைத்து, முகத்தை எட்டுக் கோணலாக்கி, மாமியார் பார்க்காதபோது செடிக்குள் துப்பினாள். மாமியார் பார்த்துவிட்டாள். "துப்பினா துப்பு, என் ரோஜா மேல துப்பாதே" என்றாள். அதன்பிறகு இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது.

கல்யாணமான அந்த வருஷம்தான் வாய்ப்பக்கச் சட்டங்களில் மகன் புதுக் குஞ்சு போட்டான். ஒவ்வொரு பையும் அவள் தைத்தது, அவன் மாட்டியது. "இது எங்க ரெண்டு பேரோடது. நீங்க யாரும் கை வைக்கக் கூடாது" என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தான். அது வளர்ந்து, கைக்கு அடங்காத அளவாகி, இந்தப் பனிக்காற்று ஒன்று அடித்துவிட்டால் எடுத்துவிடலாம் என்ற நிலையில் இருந்தது.

பனிக்காற்றுக்கு முன்னால் மழைக்காலத்தின் கடைசிப் புயல் வந்தது.

சாயங்காலத்துக்கு மேல்தான் காற்று என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானமே எல்லோரும் சட்டங்களில் இறங்கி, அவிழ்ந்த கொக்கிகளை மாட்டி, தளர்ந்த கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மகன் படகை எடுத்தான்.

"அப்பா, நீங்க உள்பக்கம் பாருங்க. நான் வாய்ப்பக்கம் முடிச்சுட்டு வந்துடறேன். டீ போடச் சொல்லுங்க."

"இன்னும் டீ நேரமே ஆகலடா."

"நான் வர்றதுக்குள்ள ஆயிடும்."

கொக்கு உள்பக்கச் சட்டங்களை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. மழை ஒரு சுவராக நகர்ந்து வந்தது. வாய்ப்பக்கம் அதற்குள் மறைந்தது. அவர் கத்திய பெயரைக் காற்று அவர் வாய்க்குள்ளேயே திருப்பித் திணித்தது. கரையில் கிடந்த வேறொரு படகில் போக முயன்றவரைப் பக்கத்துச் சட்டக்காரர் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார். இருவரும் சேற்றில் உருண்டார்கள்.

காற்று நின்றபோது படகு மணல்திட்டில் கவிழ்ந்து கிடந்தது. வாய்ப்பக்கச் சட்டங்களில் பைகள் எல்லாம் இருந்தன. ஒரு கொக்கி விடாமல் மாட்டியிருந்தது. அவன் மட்டும் இல்லை.

இருந்த படகெல்லாம் தேடியது. முங்கித் தேடும் ஆட்கள் வந்தார்கள், அரசாங்கப் படகு வந்தது. முனைக்கு அந்தப் பக்கம் அவனுடைய மழைச்சட்டை மட்டும் கிடைத்தது. ஒருநாள் அரசாங்கப் படகு வரவில்லை. பிறகு முங்கு ஆட்களும் வரவில்லை. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் தேடினார்கள். பிறகு கொக்கு மட்டும் தேடினார்.

கொக்குவின் மனைவி அழவில்லை. உடலைப் பார்க்காமல் செய்ய வேண்டியது எதையும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டாள். துக்கம் கேட்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, சும்மா உன்னைப் பார்த்துட்டுப் போகலாம்னு..."

"அவனைப் பார்க்காம என்னை எதுக்குப் பார்க்க வந்தீங்க?"

கொஞ்சநாளில் வருகிறவர்கள் குறைந்தார்கள். வீட்டில் சோறு வெந்தது, துணி காய்ந்தது, மிஷின் ஓடியது. மருமகள் பழைய பைகளை எல்லாம் பிரித்து மறுபடி தைத்தாள். தைக்க ஒன்றும் மீதமில்லாதபோது, நன்றாக இருந்த தையலையும் பிரித்துத் தைத்தாள்.

தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு ஏறி வடிந்துகொண்டிருந்தது. கொக்கு எத்தனை நாள் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்? ஒருநாள் உள்பக்கம் இறங்கினார். அடுத்து தண்ணீர் வடிந்தபோது வாய்ப்பக்கம் போனார். முதல் பையின் கொக்கியில் கை வைத்தார். கழற்ற முடியவில்லை. இந்த ரப்பரைக் கடைசியாக இழுத்து மாட்டியது அவன் விரல். கழற்றினால் அவன் மாட்டியது போய்விடும், அப்புறம் இருப்பது தான் மாட்டியதாக இருக்கும். அதற்காக விட்டால் உள்ளே இருப்பது ஒட்டிக் கோணிச் செத்துப்போகும். வெகுநேரம் நின்றார். காலைச் சுற்றி நண்டுகள் பயம் விட்டு ஊர ஆரம்பித்தன. பிறகு கழற்றினார். புரட்டினார். அடுத்த பைக்குப் போனார். அன்று அவரோடு பேச ஆள் இல்லாததால் முதுகு முறிந்துபோகிற மாதிரி வலித்தது.

பனிக்காற்று வந்தது. செம்பிக்கு அந்தக் காற்றுதான் தீனி. அந்த வருஷம் கழிமுகம் முழுக்க எல்லோருடைய சட்டத்திலும் சிப்பி நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் கொக்கு வீட்டு வாய்ப்பக்கத்துச் செம்பியைப் போல யாருடையதும் இல்லை. பையைத் தூக்கினால் தோள் இறங்கியது. ஓட்டைத் திறந்தால் உள்ளே சதை வெள்ளை வெளேரென்று, விளிம்பு வரை தளும்பி நின்றது.

ஐஸ் வண்டிக்காரர் வந்தார். பல வருஷமாக இவர்களிடம் எடுத்து நகரத்துக்கு அனுப்புகிறவர், நல்ல மனுஷன். துக்கத்துக்கு வந்து வாசலில் திட்டு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். இந்தமுறை வீட்டுப் பக்கம் போகாமல் நேராகக் கொட்டகைக்கு வந்தார். கொக்கு ஒரு செம்பியைத் திறந்து நீட்டினார். வழக்கமான பேச்சு வரும் என்று ஐஸ் வண்டிக்காரர் ஒரு நிமிஷம் காத்திருந்தார். வரவில்லை என்றதும் வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடினார்.

"அண்ணே" என்றார். "நான் இத்தனை வருஷமா தின்னுட்டு இருக்கேன். இப்படி ஒரு ருசி வந்ததில்லண்ணே."

தடுப்புக்குப் பின்னால் தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீரின் சத்தம் நின்றது. கொக்குவின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்தச் சட்டத்துது?"

கொக்கு கத்தியைத் துணியில் துடைத்தார்.

"உங்களைத்தான் கேட்கிறேன். எந்தச் சட்டத்துது?"

"வாய்ப்பக்கம்" என்றார்.

அவள் ஐஸ் வண்டிக்காரர் பக்கம் திரும்பினாள். "துப்புங்க."

"அண்ணி?"

"வாயில இருக்கிறதைத் துப்புங்க."

"முழுங்கிட்டேனே அண்ணி" என்றார் அவர், தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கு எச்சில் விழுங்கக்கூடப் பயமாகிவிட்டது. கையிலிருந்த ஓட்டைச் சத்தம் வராமல் பலகை மேல் வைத்துவிட்டு, "அப்புறம் வரேண்ணே" என்று வண்டிக்குப் போய்விட்டார்.

"இதுல ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது" என்றாள்.

"இங்க பாரு..."

"தண்ணியில என்ன இருக்கோ அதுதான் சிப்பி. யார் சொன்னது அது?"

கொக்கு பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க. ஊர்ல இருக்கிறவன் போறவன் எல்லாருக்கும் சொன்னீங்களே. இப்ப எனக்குச் சொல்லுங்க. என் பிள்ளை எங்கே இருக்கான்? இந்தத் தண்ணியிலதானே இருக்கான்? அவனை ஐஸ்ல வச்சு அனுப்பச் சொல்றீங்களா? யாரோ ஹோட்டல்ல உட்கார்ந்து, ருசியா இருக்குன்னு..."

அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"அது அவன் போட்ட குஞ்சும்மா" என்றார் கொக்கு. "அவன் கையால மாட்டினது. வெயில் வந்துட்டா முட்டைக்குப் பால் கட்டிக்கும், அப்புறம் இளைச்சு, ஒண்ணை ஒண்ணு நெரிச்சுச் சாகும். அவன் வச்சுட்டுப் போனதை அழுக விடச் சொல்றியா?"

"அழுகட்டும்."

"அழுகினாலும் இதே தண்ணியிலதான் அழுகும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். மறுபடி தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அதன்பிறகு இருவரும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். உப்பு எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். பனிக்காற்று தேய்ந்தது. காலையில் சட்டங்களின் மேல் படியும் குளிர் குறைந்து, வெயில் ஏறியதும் சேற்றிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு வாடை கிளம்பியது. மற்றவர்கள் எல்லோரும் அள்ளி முடித்துவிட்டார்கள். வாய்ப்பக்கத்துப் பைகள் மட்டும் புடைத்துப்போய்க் கிடந்தன. சிப்பி பெருத்துப் பையை அடைத்துக்கொண்டதால் உலுக்கவும் இடமில்லை.

பக்கத்துச் சட்டக்காரர் ஒருநாள் படகை ஒட்டி நிறுத்தினார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் அள்ளி என் சரக்கோட சேர்த்து அனுப்பிடறேன். அண்ணிக்குத் தெரிய வேணாம்."

கொக்குவுக்கும் அந்த ஆசை வராமல் இல்லை.

"அவளுக்குத் தெரியாம நான் ஒரு பீடிகூடக் குடிச்சதில்லடா."

"நீங்க குடிச்சது எனக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரிஞ்சதும் எனக்குத் தெரியும்."

கொக்குவுக்குச் சிரிப்பு வந்தது. புயலுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. வந்த வேகத்தில் அது பாதியில் வேறாக மாறிவிட்டது. பக்கத்துச் சட்டக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் முன்னறையில் நின்றார். மருமகள் ஜன்னலோர மிஷினில் பை தைத்துக்கொண்டிருந்தாள். வலைக்கண்ணில் ஊசி மாட்டாமல் இருக்கக் காகிதத் துண்டு வைத்துத் தைப்பாள். அது அவளே கண்டுபிடித்த வித்தை.

"ஏம்மா. நீ என்ன நினைக்கிற?"

மிஷின் நின்றது. "எதை மாமா?"

"வாய்ப்பக்கத்துச் செம்பியை."

அவள் காகிதத்தைக் கிழித்து எடுத்தாள். "என்னைக் கேட்கணும்னு உங்களுக்கு இப்பத்தான் தோணிச்சு."

கொக்கு தலை குனிந்தார். அவனுக்கு அம்மா யார், அப்பா யார் என்பதிலேயே வீடு நின்றுகொண்டிருந்தது. இந்தப் பெண் யார் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"தப்புதாம்மா."

"அத்தை சொல்றதும் எனக்குப் புரியுது மாமா. நான் இன்னும் அந்தத் தண்ணியில கால் வைக்கல. வச்சா அவர் காலை மிதிச்சுடுவேனோன்னு இருக்கு." குரல் நடுங்காமல் சொன்னாள். "ஆனா அவர் இருந்தா இந்நேரம் என்ன பண்ணியிருப்பார்? பை இப்படி அடைச்சுக் கிடக்குன்னா நம்மளை எல்லாம் கிழிச்சு எடுத்திருப்பார். விக்கறதா வேணாமாங்கிறது இருக்கட்டும். அது மூச்சு முட்டிக் கிடக்குதே."

சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. இருவரும் அதைக் கவனித்தார்கள். மருமகள் மறுபடி மிஷினை ஓட்டினாள்.

மறுநாள் தண்ணீர் நன்றாக வடிந்தது. காலையிலேயே வாய்ப்பக்கச் சட்டங்கள் கடைசி வரிசை வரை தெரிந்தன. கொக்கு தனியாக இறங்கி, பைகளைப் பிரித்துப் பாதியை வேறு பைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அதுவாவது செய்யலாம் என்று வந்திருந்தார். பின்னால் துடுப்புச் சத்தம் கேட்டது. சின்னப் படகு ஒன்று நேராக வராமல், ஒருமுறை இடதுபக்கம், ஒருமுறை வலதுபக்கம் என்று நண்டு மாதிரி வந்துகொண்டிருந்தது. மருமகள் வலித்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லிக் கொடுத்து அரைகுறையாகக் கற்றது. முன்பலகையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

படகு சேற்றில் தட்டி நின்றது. அவள் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள்.

"அவன் கடைசியா மாட்டினது எது?"

"தெரியாதும்மா. இந்தக் கோடியிலிருந்து ஆரம்பிச்சிருந்தா, அந்தக் கோடி."

"கத்தியைக் குடுங்க."

அந்தக் கழிமுகத்திலேயே சிப்பி திறப்பதில் அவளுக்கு மேல் ஆள் இல்லை. கொக்குகூட இரண்டாவதுதான். அவள் கடைசி வரிசைக்கு நடந்து போய், கோடிப் பையைத் திறந்து, ஒரு செம்பியை எடுத்துச் சேற்றைத் துடைத்தாள். கத்தி நுழைந்ததும் தெரியவில்லை, திரும்பியதும் தெரியவில்லை. திறந்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வெயில் அதில் பட்டு மின்னியது. மருமகள் படகிலேயே எழுந்து நின்றாள். கொக்குவுக்கு ஓடிப்போய்த் தட்டிவிடலாமா என்று இருந்தது. நகரவில்லை.

அவள் வாயில் போட்டு மென்றாள். நிதானமாக மென்றாள். விழுங்கினாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறவள் மாதிரி நின்றாள்.

ஓட்டைக் கீழே போட்டாள். அடுத்த பையைத் திறந்தாள். இன்னொன்று. மென்றாள், விழுங்கினாள், காத்திருந்தாள். அடுத்த பை. அவள் கை வேகமாகிக்கொண்டே போனது. மூன்றாவது வரிசைக்கு வந்தபோது மெல்லுவதற்கு முன்னாலேயே அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தாள். கத்தி சறுக்கி விரலில் இறங்கியது. ரத்தம் வந்தது. துடைக்கவில்லை.

கொக்கு போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும்மா."

"இருங்க. அந்த நடுச் சட்டம் பார்க்கல."

"என்ன பார்க்கிற?"

அவள் அவரைப் பார்த்தாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அருவருப்பாலோ கோபத்தாலோ அவள் இத்தனை நாள் தடுத்து வைத்திருக்கவில்லை. இதில் அவன் இருக்கிறான் என்று நம்பியிருந்தாள். அள்ளி அனுப்பிவிட்டால் அதுவும் போய்விடும்.

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு" என்றாள் மெதுவாக. "உப்பு இருக்கு. இனிப்பு இருக்கு. கடைசியில அந்தச் செம்பு இருக்கு. எல்லாம் முன்ன மாதிரியே இருக்குங்க. ஒருவேளை எனக்குத்தான் தெரியலையோ என்னமோ. உங்க நாக்கு நல்ல நாக்கு. நீங்க தின்னு பாருங்க."

கையில் திறந்து வைத்திருந்ததை நீட்டினாள். அவள் விரல் ரத்தம் ஓட்டின் வெளிப்பக்கம் வழிந்திருந்தது. கொக்கு வாங்கிக்கொண்டார். வாயில் போட்டார். உப்பு சுள்ளென்று அடித்தது. மென்றார். இனித்தது. விழுங்கினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல. நாக்கின் இரண்டு ஓரத்திலும் செம்பு வந்து நின்றது. அவர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அவருக்குமே ஒரு ஆசை இருந்தது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

இருக்கு என்று சொல்லிவிடலாம். வாய்ப்பேச்சு அவருக்குப் புதிதல்ல. இல்லாத ருசியை எல்லாம் இருக்கிற மாதிரி சொல்லிச் சொல்லியே வருகிறவர்களை உட்கார வைத்தவர். இவள் நம்புவாள். நம்பி, வெயில் வந்து எல்லாம் அழுகிப் போன பிறகும் இந்தச் சேற்றில் வந்து நிற்பாள்.

"இல்லம்மா" என்றார். "அதேதான்."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

அவள் கத்தியைக் கீழே விட்டாள். சட்டத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். தண்ணீர் திரும்ப ஏற ஆரம்பித்திருந்தது. சட்டங்களுக்கு நடுவில் ஓடைபோல வந்து அவள் மடியை நனைத்தது.

"அப்ப இதுல அவன் இல்ல."

"இல்லம்மா."

"இந்தத் தண்ணிக்கு அவன் வந்ததே தெரியல."

கொக்கு அவள் பக்கத்தில் குந்தினார்.

"அப்ப எங்கதாங்க போனான்?"

கொக்கு அவள் தோளில் கை வைத்தார். அந்தக் கைக்கு அடியில் எதுவோ அசைந்தது, முதலில் இருமல் மாதிரி, பிறகு சத்தமாக. புயல் நாளிலிருந்து உள்ளேயே கிடந்த அழுகை வெளியே வந்தது. தண்ணீர்ப் பரப்பில் சத்தத்துக்குத் தடை கிடையாது. தூரத்துச் சட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். பக்கத்துச் சட்டக்காரர் தலைத்துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மருமகள் படகிலிருந்து ஒரு காலை எடுத்துத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். கயிற்றைப் பிடித்துப் படகை இழுத்துக்கொண்டு வந்து மாமியாருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, தண்ணி ஏறுது. எழுந்திருங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி நிறுத்தினார்கள். அழுகை நிற்கவில்லை. மருமகள் தன் புடவை ஓரத்தைக் கிழித்து மாமியாரின் விரலைச் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்ததும், பைகளைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, ஏத்தட்டுமா?"

கொக்கு மனைவியின் முகத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியது அவள்தான்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். கட்டுப்போட்ட விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் பக்கத்துப் பையின் கொக்கியை இழுத்துக் கழற்றினாள்.

"ஏத்துங்க" என்றாள்.

அவள் கழற்றிக் கொடுக்க, மருமகள் வாங்கி நீட்ட, கொக்கு படகில் அடுக்கினார். அவள் அழுதுகொண்டே கழற்றினாள், கழற்றிக்கொண்டே அழுதாள். நீரோட்டத்தின் இழுப்பு முழங்காலைத் தாண்டியது, பிறகு தொடையை. தண்ணீர் இடுப்பளவு வரும் வரை ஏற்றினார்கள்.